வஹீது கொண்டுபோன சீசா

அப்துல் வஹீதுக்கு இருபத்தொன்பது வயதுதான். ஆனால் தன் உடம்பைப் பற்றி அவனுக்கிருந்த பயம் அறுபது வயதுக்காரனுடைய பயம். அவனைப் பெற்ற அத்தா சக்கரை வியாதியில் போனவர். செருப்பு கடித்த சின்னப் புண் ஆறாமல் கட்டைவிரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலோடு எடுத்தார்கள், பிறகு ஒருநாள் அவரையே எடுத்துக்கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து வஹீது ஒரு செம்புத் தண்ணீர் அதிகமாகக் குடித்துவிட்டால்கூட, இது வெயில் தாகமா, அந்தத் தாகமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

அப்படிப்பட்டவனுக்கு 1937ஆம் வருஷம் பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷமாகத் தற்காலிக வாத்தியாராக இருந்தவனை நிரந்தரமாக்குகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. உடம்பு தகுதியாக இருக்கிறது என்று டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். வடக்கு மாசி வீதியில் இருந்த டாக்டர் விஸ்வேஸ்வரனைப் போய்ப் பார்த்தபோது அவர் நாள் குறித்துக் கொடுத்தார். "காலையில எழுந்ததும் முதல்ல போற நீரை, சுத்தமான சீசாவுல பிடிச்சுக் கொண்டு வந்துருங்க மாஸ்டர். அத வச்சுத்தான் பாதி விஷயம் தெரியும்" என்றார்.

அந்தப் பாதி விஷயம்தான் வஹீதின் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு நாள் யோசித்து மூன்றாம் நாள் விடிகாலையில், பஜ்ருத் தொழுகை முடிந்து வந்தவன், கழுவிக் காயவைத்த மருந்துச் சீசாவை எடுத்துக்கொண்டு மனைவி ஷரீபாவிடம் போனான். அவளுக்கு எட்டாம் மாசம். தாய் இல்லாத பெண் என்பதால் தலைப்பிரசவம் புகுந்த வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. பாயில் எழுந்து உட்கார்ந்து, தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ச்சீ! என்னதக் கொண்டுபோயி உங்களதுன்னு குடுப்பீங்களா? அப்புறம் உங்களுக்குப் பதிலா நானே ஸ்கூலுக்கு வந்து பாடமும் சொல்லிக் குடுத்துரவா?"

"சிரிக்காத ஷரீபா. நாலு வருசம் காத்துக் கெடந்துட்டேன். எனக்குச் சக்கரை இருந்துச்சுன்னா இம்புட்டும் போச்சு. நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஒரு வியாதியும் கெடையாது."

"பொய் இல்லையா இது?"

"சின்னப் பொய்."

அவள் சீசாவை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, மெதுவாகக் கொல்லைப்பக்கம் நடந்தாள். பாதம் இரண்டும் பொம்மென்று வீங்கியிருந்தன. முந்தாநாள் அவள் கை வளையல்கள் சதைக்குள் பதிந்துபோய், சோப்புப் போட்டும் கழற்ற வராமல், அவனுடைய அம்மா மைதீன் பீவி ஒவ்வொன்றாக உடைத்து எடுத்திருந்தாள். "தலைச்சன் புள்ள. ஒடம்பு நீரு பிடிக்கத்தான் செய்யும்" என்று மருத்துவச்சி செல்லத்தாயும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் செல்லத்தாயின் கையில் விழுந்தவை. அவள் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

சீசாவைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வஹீது கிளம்பும்போது ஷரீபா கதவோரம் வந்து நின்றாள்.

"வரும்போது தலவலித் தைலம் வாங்கிட்டு வாங்க. மூணு நாளா வலி விடவே இல்ல. கண்ணு முன்னால வெள்ளைப் பூச்சி பறக்குற மாதிரி இருக்கு."

"வெயிலு ஷரீபா. மோரக் குடிச்சிட்டுப் படு. வாரேன்."

அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அவன் மனசெல்லாம் பைக்குள் இருந்த சீசாவில்தான் இருந்தது.

டாக்டர் அவனை நிற்கவைத்து உயரம் பார்த்தார், நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் ஏறி இறங்குவதைப் பார்த்து, "ரத்த அழுத்தம் நூத்திருவது. அருமையா இருக்கு" என்றார். பிறகு சீசாவை எடுத்தார். மேஜைமேல் ஒரு ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயில் நீல நிறத்தில் ஒரு மருந்தை ஊற்றி, சீசாவிலிருந்து எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார்.

"சக்கரை இருந்தா இந்த நீலம் பச்சையாகும். அதிகமா இருந்தா மஞ்சளாகும். ரொம்ப முத்திப்போச்சுன்னா செங்கல் நிறம்."

குழாய் கொதித்தது. நீலம் நீலமாகவே நின்றது. தன்னுடையது இல்லை என்று தெரிந்தும் வஹீதுக்கு ஒரு நிம்மதி.

"இன்னொண்ணு பார்த்துட்டா முடிஞ்சுது" என்று டாக்டர் வேறொரு குழாயை எடுத்தார். முக்கால்வாசி நிரப்பி, மேல்பாகத்தை மட்டும் விளக்கில் காட்டினார். கொதி வந்ததும் மேல்பாகம் கலங்கிற்று. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். காடி போல நெடி வீசிய ஒரு திராவகத்தை அதில் ஒரு சொட்டு விட்டார். கலங்கல் தெளியவில்லை. மேலும் கட்டிப்பட்டு, கொதிநீரில் உடைந்துவிட்ட முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திரிந்து நின்றது.

டாக்டர் குழாயையும் வஹீதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்டர், வேட்டியக் கொஞ்சம் தூக்குங்க."

முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே வீக்கம் இல்லை.

"எனக்கு ஒண்ணுமே புரியல. இவ்வளவு புரதம் நீர்ல இறங்கினா உடம்பு வீங்கியிருக்கணும். அழுத்தம் ஏறியிருக்கணும். உங்களுக்கு விடாத தலைவலி உண்டா?"

"இல்லீங்க."

"கண்ணுக்கு முன்னால மின்னுறது, பூச்சி பறக்குறது?"

வீட்டுக் கதவோரம் ஈரத்துணிக் கட்டோடு நின்ற முகம் வஹீதின் கண்முன் வந்தது. டாக்டர் குழாயைத் துடைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்சநேரம் வஹீது பேசாமல் இருந்தான். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும், ஊரே சிரிக்கும், பேசாமல் வீட்டுக்குப் போய் அவளை வேறு யாரிடமாவது காட்டினால் என்ன என்று அவன் புத்தி ஓடியது. பத்து எண்ணும் நேரம்தான். ஆனாலும் அப்படி ஓடியது உண்மை.

"டாக்டர், அது என்னுது இல்லீங்க."

"என்னது?"

"எம் பொஞ்சாதியோடது. எனக்குச் சக்கரை இருக்குமோன்னு பயந்து... நான்தான்..."

கோபப்படுவார் என்று நினைத்தான். டாக்டர் கோபப்படவில்லை. குழாயை அதன் தாங்கியில் வைத்தார்.

"மாசமா இருக்காங்களா?"

"எட்டு."

"வீக்கம் காலோட நிக்குதா, கையிலயும் இருக்கா?"

"கையிலயும் இருக்கு. வளையல் கழட்ட வரல. உடைச்சுத்தான் எடுத்தோம்."

"தலைவலி?"

"மூணு நாளா. பூச்சி பறக்குதுன்னு இன்னிக்குத்தான் சொன்னா. நான் வெயிலுன்னு..."

டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "மாஸ்டர், சாயங்காலமானா கால் மட்டும் வீங்கும், காலையில வடியும். அது எல்லாருக்கும் வர்றது. இது அது இல்ல. கையும் வீங்கி, தலைவலியும் கண் மின்னலும் வந்து, நீரும் இப்படித் திரிஞ்சா, அடுத்தது ஜன்னி. இழுத்துச்சுன்னா ரெண்டு உசிருக்கும் ஆபத்து. நடங்க!" என்று பெட்டியைத் தூக்கினார்.

அவருடைய பழைய மோட்டார் தெற்கு வெளி வீதியைத் தாண்டி, சந்து முனையில் நின்றது. அதற்குமேல் கார் போகாது. இறங்கும்போதே அலறல் கேட்டது. வஹீது ஓடினான். முன்கூடம் நிறையப் பெண்கள். யாரோ சாம்பிராணி போட்டிருந்தார்கள். புகை நடுவில் ஷரீபா பாயில் கிடந்தாள். அவள் உடம்பு வில்லாக வளைந்து உதறிக்கொண்டிருந்தது. உதட்டோரம் ரத்த நுரை. நீலம் பாரித்த அந்த முகத்தை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. காலையில் சிரித்த பெண் இவள்தானா? செல்லத்தாய் அவள் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "எந்தக் காத்தோ தெரியலயே, எந்தக் காத்தோ தெரியலயே" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வஹீதுக்குப் பின்னால் டாக்டர் வருவதைப் பார்த்ததும் மைதீன் பீவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வஹீது, என்ன இது? ஆம்பள டாக்டரையா வீட்டுக்குள்ள கூட்டியாறே? பள்ளிவாசல் ஹஜரத்துக்கு ஆள் விட்டிருக்கேன். வந்து ஓதிப் பாப்பாக."

"அம்மா, வழிய விடு."

"பொம்பளைக இருக்காகடா!"

"ஓதட்டும். வேணாம்னு சொல்லல. அவரு வர்ற வரைக்கும் இவ உசிரோட இருக்கணுமில்ல? உன் மருமகளக் கபன் துணியில சுத்தி எடுத்துட்டுப் போறதப் பாக்கணுமா உனக்கு?"

அவன் அம்மாவிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. மைதீன் பீவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

டாக்டர் முதல் வேலையாக ஷரீபாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தார், நுரை மூச்சுக்குழலில் இறங்காமல் வெளியே வழியும்படி. செல்லத்தாயிடம், "அமுக்காதீங்கம்மா. இடிச்சுக்காமப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றார். உதறல் ஓய்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றினார். காலையில் வஹீதின் கையில் நூற்றிருபதில் நின்ற பாதரசம், இப்போது நூற்றுத் தொண்ணூறுக்குப் போயிற்று. கால் எலும்பில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். புளியங்கொட்டையை வைத்து அழுத்தின மாதிரி ஒரு குழி. எடுத்து வெகுநேரம் ஆகியும் அது நிரம்பவில்லை. ஊசி போட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு. உடனே" என்றார்.

கயிற்றுக் கட்டிலோடு தூக்கினார்கள். நாலு பெண்கள் நாலு பக்கமும் போர்வையைப் பிடித்து மறைத்துக்கொண்டே சந்து முனைவரை வந்தார்கள். போர்வையின் ஒரு முனையைப் பிடித்திருந்தது மைதீன் பீவி.

பெண்கள் வார்டுக்குள் அவனை விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பகல் ஒருமணிக்கு ஒரு தடவை இழுத்தது என்றார்கள், மூன்றுமணிக்கு இன்னொரு தடவை. லேடி டாக்டர் வெளியே வந்து, "குழந்தை வெளிய வந்தாத்தான் தாய்க்கு இது நிக்கும். மாசம் ஆகலையேன்னு காத்திருக்க முடியாது" என்று அவனிடம் கையெழுத்து வாங்கிப்போனார். பொழுது சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றரைப் பவுண்டு. பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். அழுகைச் சத்தம் பூனைக்குட்டியின் சத்தம் மாதிரி இருந்தது. ஷரீபாவுக்கு நினைவில்லை.

மறுநாள் உச்சிவேளையில்தான் அவள் கண்ணைத் திறந்தாள். வஹீதை உள்ளே கூப்பிட்டார்கள். ஜன்னல் வழியாக வெயில் அவள் கட்டில்மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

"வெளக்கு ஏத்தலையா?" என்றாள்.

அவன் திகைத்துப்போய் லேடி டாக்டரைப் பார்த்தான்.

"ஏன் எல்லாரும் இருட்டுல நிக்கிறீக? மாமி, வெளக்க ஏத்துங்க மாமி."

மைதீன் பீவி சத்தம் போட்டு அழுதுவிட்டாள். லேடி டாக்டர் வஹீதைத் தனியே அழைத்துப்போய், இந்த ஜன்னியோடு சில பேருக்கு இப்படிப் பார்வை போகும், பெரும்பாலும் சில நாளில் திரும்பிவிடும் என்று சொன்னார். "பெரும்பாலும்னா?" என்று அவன் கேட்டபோது அவர் ஷரீபாவின் கட்டிலுக்குத் திரும்பிப் போனார்.

குழந்தையை ஷரீபாவின் கையில் வைத்தார்கள். அவள் விரலால் அதன் நெற்றியைத் தடவினாள், மூக்கைத் தடவினாள், மூடிய இமைகளைத் தடவினாள். "சின்னூண்டா இருக்காளே" என்றாள். மறுநாள் முழுக்க அப்படித்தான், தடவித் தடவி. நாலாம் நாள் விடியும் சுபுஹு நேரத்தில் குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது. வஹீதின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் மையித்தை அடக்கம் செய்ய அவனே சுமந்துபோனான்.

அன்று காலை வராந்தாவில் செல்லத்தாய் வந்து நின்றாள். டாக்டர் விஸ்வேஸ்வரன் ஷரீபாவை விசாரிக்க வந்திருந்தார். அவரிடம் நேராகப் போனாள்.

"ஐயா, அந்தக் கொழாயில என்ன பாத்தீக?"

அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"நெருப்புல காட்டுனா வெள்ளையாத் திரியுமா? அதுக்குன்னு தனி நெருப்பு வேணுமா, எங்க வீட்டு அடுப்புல காட்டுனாலும் திரியுமா?"

"உங்க வீட்டு அடுப்புலயும் திரியும்மா. கண்ணாடிக் குழாயும் ஒரு சொட்டுக் காடியும் போதும். அதோட தலைவலியும் வீக்கமும் இருந்தா ஒரு நிமிஷம் தாமசிக்கக் கூடாது."

செல்லத்தாய் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். விரலை மடக்க ஆரம்பித்தாள். "சங்கிலி பொஞ்சாதி. அழகுமலை மக. கொத்தனார் வீட்டுப் பொண்ணு. எழுமலையிலருந்து வந்துச்சே, அந்தப் புள்ள. இன்னும் ரெண்டு பேரோட, நாப்பது வருசத்துல ஆறு பேரு போயிச் சேந்தாளுக. ஆறு பேரும் இப்பிடித்தான் தல வலிக்குதுன்னாளுக. ஆறு பேரும் இப்பிடித்தான் வீங்கிக் கெடந்தாளுக. காத்துன்னு வேப்பெலை அடிச்சேனே ஐயா. அடுப்பு பக்கத்துலயே எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சே."

"உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையேம்மா" என்றார் டாக்டர். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் ஷரீபாவுக்கு முதலில் ஜன்னல் தெரிந்தது. பிறகு அதன் கம்பிகள். சாயங்காலம் அவன் போனபோது அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பார்ப்பது தெரியும்படியாக. அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"எனக்கு எல்லாம் தெரியும். மாமி சொல்லிட்டாக" என்றாள். "அழ வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவ எப்பிடி இருந்தா? நீங்க பாத்தீங்கல்ல. சொல்லுங்க."

அவன் சொன்னான். நெற்றியில் பூனைமுடி இருந்ததை, வலது காதின் மேல்மடல் உள்ளே மடங்கியிருந்ததை, நிறம் அவளைப் போல மாநிறம் என்பதை, பஞ்சுக்குள் கையை வைத்தால் ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டதை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "மூக்கு?" என்றாள். "உன்னோடது" என்றான். "ம்... தொட்டப்பவே நெனச்சேன்."

பிறகு அவன் மற்றதையும் சொன்னான். டாக்டர் கேட்டபோது பத்து எண்ணும் நேரம் வாயைத் திறக்காமல் நின்றதை. வேலை போய்விடும் என்று நினைத்ததை.

"அப்புறம் சொன்னீங்கல்ல" என்றாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மறுவாரம் வஹீது இன்னொரு சீசாவோடு டாக்டரிடம் போனான். இந்தத் தடவை அவனுடையது. நீலம் கொதித்தது, மெல்ல மெல்லப் பச்சையாக மாறி அங்கே நின்றது.

"கொஞ்சம் இருக்கு. அத்தாவுக்கு வந்த மாதிரி இல்ல. ஆரம்பம்தான்" என்றார் டாக்டர். "அரிசியப் பாதியாக் குறைங்க. இனிப்பு வேணாம். தினம் ஒரு மைல் நடங்க. கால்ல ஒரு கீறல் விழுந்தாலும் எங்கிட்ட காட்டுங்க. சீக்கிரம் தெரிஞ்சதுனால இது சமாளிக்கக்கூடிய வியாதி. இதுக்கா மாஸ்டர் அப்பிடிப் பயந்தீங்க?"

இருந்ததை இருந்தபடியே சர்ட்டிபிகேட்டில் எழுதினார். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பார்க்கலாம், அதுவரை தற்காலிகமே என்று உத்தரவு வந்தது. வஹீது அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான். டாக்டரிடமிருந்து கிளம்பும்போது அவர் சொன்ன இன்னொன்றுதான் அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "அடுத்த தடவை அவங்க மாசமானா, ஆறாம் மாசத்துலருந்து பதினஞ்சு நாளைக்கொரு தடவை நீரைக் கொண்டு வாங்க. அவங்க பேரையே எழுதிக் கொண்டு வாங்க."

இருபத்திரண்டாம் நாள் ஷரீபாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். குதிரை வண்டி பிடித்து, இரண்டு பக்கமும் திரை கட்டி, மைதீன் பீவி அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். வஹீது முன்னால் வண்டிக்காரனோடு உட்கார்ந்தான். வண்டி வைகைப் பக்கமிருந்து ஊருக்குள் திரும்பியதும் உள்ளேயிருந்து சலசலவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். ஷரீபா ஒரு பக்கத் திரையைக் கையால் ஒதுக்கியிருந்தாள். இரும்புக்கடை, சைக்கிளில் போகும் ஆள், தலையில் கீரைக்கட்டோடு ஒரு கிழவி, சுவரில் ஒட்டிக் கிழிந்த நோட்டீஸ் என்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரே போனவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். மைதீன் பீவி மருமகளின் தலையில் நழுவிய முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள். திரையை மூடச் சொல்லவில்லை.